செல்லூர் நெசவாளர்களுக்கு: அட்டைக் கட்டுகளை எடைக்குப் போடாதீர்கள்

செல்லூரின் கைத்தறி நெசவாளர்களுக்கும், விசைத்தறி ஓட்டுவோருக்கும், நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்களின் உறுப்பினர்களுக்கும், தறிக்குழியின் ஓரத்தில் வளர்ந்து இன்று கல்லூரிகளில் பயிலும் உங்கள் பிள்ளைகளுக்கும் இம்மடல்.

வைகையின் வடகரையில், திருவாப்புடையார் கோயில் இருக்கும் உங்கள் செல்லூரில், தறிச்சத்தம் நின்றுபோன வீடுகள் கூடிவருவதை உங்களிடம் எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு தறி நின்றுவிட்டால் அதன் மரச்சட்டம் விறகாகிறது. ஜக்கார்டு பெட்டி ஏறிய தறியானால் பெட்டியின் இரும்பு பழைய இரும்புக் கடைக்குப் போகிறது. துளையிட்ட அட்டைக் கட்டுகள் பழைய பேப்பரோடு எடைபோடப்படுகின்றன. இவற்றுள் எதுவும் உங்கள் குற்றமன்று. இடமும் வருமானமும் இல்லாத வீடு ஓடாத கருவியை வைத்துக் காக்க இயலாது. எனினும், அவ்வாறு எடைக்குப் போகும் பொருள்கள் மனிதன் வானில் பறந்த வரலாற்றுக்கும் கணினியை உருவாக்கிய வரலாற்றுக்கும் நேரடிச் சான்றுகள் என்பது உங்களுக்கு முறையாகச் சொல்லப்படவில்லை. அதைச் சொல்லவும், சொன்னபின் ஒன்றைக் கேட்கவுமே இம்மடல் எழுதப்படுகிறது.

உங்கள் பிள்ளைகள் படித்த பாடநூல்களில் விமானத்தின் வரலாறு பெரும்பாலும் எஞ்சினின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கும். 1903 டிசம்பர் 17 அன்று அமெரிக்காவின் வட கரோலினாவில், கிட்டி ஹாக் ஊருக்கு அருகில், ரைட் சகோதரர்களுள் இளையவரான ஆர்வில் 12 விநாடிகள் பறந்து 120 அடி கடந்ததும், அதே நாளின் நான்காம் முயற்சியில் மூத்தவரான வில்பர் 59 விநாடிகளில் 852 அடி கடந்ததும் அவற்றில் காணப்படும். 12 குதிரைத்திறன் எஞ்சினும் சங்கிலியால் சுழன்ற இரு உந்திகளும் விளக்கப்பட்டிருக்கும். ஆனால் அந்த விமானத்தைக் காற்றின் மேல் ஏற்றி நிறுத்திய பரப்பு, அதாவது இறக்கை, எதனால் ஆனது என்ற கேள்வி அங்கே எழுவதே அரிது. அது பருத்தித் துணியால் ஆனது. ரைட் சகோதரர்கள் தங்கள் ஊரான டேட்டனின் கடையில் வாங்கிய, வெளுக்காத மஸ்லின் துணி அது. உள்ளாடை தைக்க வீட்டுப் பெண்கள் வாங்கிச் செல்லும் வகையைச் சேர்ந்தது. அவர்களே தையல் இயந்திரத்தில் அமர்ந்து அதை இறக்கைக்குத் தைத்தார்கள்.

அந்தத் துணியை அவர்கள் சட்டத்தின் மேல் எவ்வாறு விரித்தார்கள் என்பதை நெசவறிந்த நீங்கள் மற்றவர்களைவிட விரைவாகப் புரிந்துகொள்வீர்கள். எந்தத் துணியும் பாவின் வழியே இழுத்தாலும் ஊடையின் வழியே இழுத்தாலும் எளிதில் நீளாது. மூலைவாட்டில் இழுத்தால் மட்டுமே இளகிக் கொடுக்கும். இறக்கையின் மரச்சட்டமோ காற்றின் விசையில் நேர்ச்சதுரம் சாய்சதுரமாகக் குலைவதுபோல மூலைவாட்டிலேயே குலையப் பார்க்கும். ஆகவே அவர்கள் துணியை நேராகப் போர்த்தாமல், பாவும் ஊடையும் சட்டத்துக்கு 45 பாகை சாய்ந்து ஓடும்படி வெட்டித் தைத்தனர். அதனால் சட்டம் எந்த மூலைக்குக் குலைய முயன்றாலும் அந்த மூலையிலேயே ஓர் இழை விறைத்து நின்று அதைத் தடுத்தது. காற்றைத் தாங்கும் உறையாகவும், சட்டத்தை இறுக்கும் கட்டாகவும் ஒரே துணி இரண்டு வேலை செய்தது. விமானத்தின் எடையை மிச்சப்படுத்திய இந்த நுட்பம் எந்த எஞ்சின் பட்டறையிலும் பிறந்ததன்று. துணியின் இயல்பைக் கைகளால் அறிந்தவர்களின் அறிவே அது.

அத்துணியின் துண்டுகள் பின்னர் சென்ற தொலைவையும் நீங்கள் அறிய வேண்டும். 1969 ஜூலையில் நீல் ஆம்ஸ்ட்ராங் நிலவுக்குச் சென்றபோது, ரைட் விமானத்தின் இறக்கைத் துணியில் ஒரு துண்டையும் அதன் உந்தியின் மரத்துண்டு ஒன்றையும் தம்முடன் எடுத்துச் சென்றார். 2021 ஏப்ரல் 19 அன்று செவ்வாய்க் கோளின் மெல்லிய காற்றில், மண்ணிலிருந்து 3 மீட்டர் உயரத்துக்கு எழும்பிய 1.8 கிலோ எடையுள்ள இன்ஜெனுயிட்டி என்னும் சிறு ஹெலிகாப்டர், வேறொரு கோளில் மோட்டாரின் துணையோடு கட்டுப்பாடாகப் பறந்த முதற்கலம் ஆகும்; அதன் சூரியத் தகட்டின் அடியில் ஓடும் கம்பி ஒன்றில் தபால்தலை அளவுள்ள அதே பருத்தித் துணி கட்டி அனுப்பப்பட்டிருந்தது. மனிதன் முதன்முதல் விமானத்தில் பறந்ததற்கு அடையாளமாக வேறொரு கோளுக்கு எதை அனுப்புவது என்று அறிவியலாளர்கள் எண்ணிப் பார்த்தபோது, அவர்கள் தேர்ந்தது தறியில் நெய்த பொருளையே.

ரைட் சகோதரர்களுக்குப் பிந்திய முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக விமானத்தின் மேனி பெரும்பாலும் துணியாகவே இருந்தது. முதல் உலகப் போரின் விமானங்களுக்கு அயர்லாந்தின் ஆளிநார்த் துணியான லினன் போர்த்தப்பட்டது. அது கிடைப்பது அரிதானபோது பளபளப்பும் வலுவும் ஏற்றிய பருத்தித் துணி அதன் இடத்துக்கு வந்தது. அங்குலத்துக்கு ஏறத்தாழ 80 இழைகளும், ஓர் அங்குல அகலத்துக்கு 80 பவுண்டு இழுவிசையைத் தாங்கும் வலுவும் அப்பருத்தித் துணிக்கு வகுக்கப்பட்ட தரமாகும். போர்த்திய துணியின் மேல் 'டோப்' எனப்படும் செல்லுலோஸ் கரைசலைப் பூசுவார்கள். அது உலரும்போது துணி சுருங்கி முரசுத் தோல்போல் விறைக்கும். பாவுக்குக் கஞ்சி போட்டு விறைப்பேற்றிப் பழகிய உங்களுக்கு இழையின் மேல் பூச்சு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

இவ்வரலாறு தமிழ்நாட்டுக்கு வெளியே மட்டும் நடந்ததும் அன்று. சென்னை மவுண்ட் ரோட்டில் ஓட்டல் நடத்திவந்த ஜியாகோமோ டி ஏஞ்சலிஸ், 1909இல் லூயி பிளேரியோ ஆங்கிலக் கால்வாயைப் பறந்து கடந்த செய்தியால் தூண்டப்பட்டுத் தாமே ஒரு விமானத்தை வடிவமைத்து, சிம்ப்சன் நிறுவனத்தாரைக் கொண்டு கட்டுவித்து, 1910 மார்ச்சில் சென்னையில் பறக்கவிட்டார். உங்கள் மதுரையின் விமான நிலையம் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில், 1942இல், பிரிட்டிஷ் விமானப் படையின் பயன்பாட்டுக்கு வந்தது. அப்போரில் பெயர்பெற்ற ஹரிக்கேன் போர்விமானத்தின் உடலில் பின்பாதி துணியால் போர்த்தப்பட்டிருந்தது. விடுதலைக்குப் பின், பெங்களூரு இந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் நிறுவனம் உருவாக்கி 1958இல் முதன்முதல் பறந்த 'புஷ்பக்' விமானம் நாடெங்கும் பறத்தல் கழகங்களில் பயிற்சிக்குப் பயன்பட்டது. அதுவும் துணி போர்த்திய விமானமே.

துணி விமானத்தின் மேனியாக இருந்தது போலவே, தறி கணினிக்கு முன்னோடியாக இருந்தது. பிரான்சின் லியோன் நகரத்துப் பட்டுத்தறிகளில் பூவேலை நெய்ய, நெசவாளியோடு இன்னொருவர், பெரும்பாலும் ஒரு சிறுவர், தறியருகே அமர்ந்து ஒவ்வோர் ஊடைக்கும் வேண்டிய கயிறுகளைத் தேர்ந்து இழுத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. பூஷோன், ஃபால்கோன், வோக்கான்சோன் ஆகியோர் 1725 முதல் ஒருவர்பின் ஒருவராகச் செய்துபார்த்த முயற்சிகளை ஒன்றுசேர்த்து, ஜோசஃப் மரி ஜக்கார்டு 1804இல் அமைத்த பொறி அந்த இழுப்பு வேலையைத் துளையிட்ட அட்டைகளிடம் ஒப்படைத்தது. அந்த லியோன் நெசவாளர்கள் தம் பிழைப்புப் போய்விடும் என்று அதை எதிர்த்தார்கள் என்பதையும், அவர்களது அச்சம் பொருளற்றதாக இருக்கவில்லை என்பதையும் இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும்.

அப்பெட்டி வேலைசெய்யும் முறையை, தறியை விட்டு விலகிவிட்ட உங்கள் பிள்ளைகளுக்காக இங்கே விரித்துரைக்க வேண்டும். பெட்டிக்குள் 120, 240, 400 என்ற கணக்கில் கொக்கிகள் நிமிர்ந்து நிற்கின்றன; ஒவ்வொரு கொக்கியின் கீழும் விழுதுகளின் வழியே குறிப்பிட்ட பாவிழைகள் தொங்குகின்றன; ஒவ்வொரு கொக்கியையும் குறுக்காக ஓர் ஊசி பிடித்திருக்கிறது. மிதியை மிதித்தவுடன் ஓர் அட்டை ஊசிகளின் முனையில் வந்து அழுந்துகிறது. அட்டையில் துளை இருக்குமிடத்தில் ஊசி உள்ளே நுழைந்துவிடுவதால் கொக்கி நகராமல் நின்று, மேலெழும் 'கத்தி' எனப்படும் பட்டையில் மாட்டி, தன் இழையைத் தூக்குகிறது; துளை இல்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ள, கொக்கி கத்தியை விட்டு விலகி, இழை கீழேயே தங்கிவிடுகிறது. தூக்கிய இழைகளுக்கும் தங்கிய இழைகளுக்கும் நடுவில் ஊடையைக் கொண்டு செல்லும் நாடா ஓடுகிறது. அட்டை உருளை ஒரு முகம் திரும்புகிறது. அடுத்த அட்டை வருகிறது. துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகளைக் கொண்டு மாங்காயும் மயிலும் யாளியும் துணியில் எழுகின்றன. கணினி இன்றும் எல்லாவற்றையும் ஒன்று, பூச்சியம் என்னும் இரு நிலைகளாலேயே எழுதிக்கொள்கிறது. அவ்விரு நிலைகளுள் ஒன்றைக் குறிக்கும் அடிப்படை அலகுக்குப் 'பிட்' என்று பெயர். உங்கள் அட்டையில் ஒரு துளைக்குரிய இடம் ஒரு பிட்டுக்குச் சமமானதாகும்.

இது ஒப்புமைக்காகச் சொல்லப்படுவதன்று. வரலாற்றுத் தொடர்ச்சி உடையது. 1839இல் லியோனில், ஜக்கார்டின் உருவப்படமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அதன் படியொன்றை இங்கிலாந்துக் கணித அறிஞர் சார்லஸ் பாபேஜ் வாங்கித் தம் இல்லத்தில் வைத்து விருந்தினர்க்குக் காட்டிவந்தார். அவர் திட்டமிட்ட 'பகுப்பாய்வுப் பொறி'க்கு, அதாவது எந்தக் கணக்கையும் கட்டளைப்படி செய்யவல்ல இயந்திரத்துக்கு, கட்டளைகளை ஊட்ட அவர் தேர்ந்தவை ஜக்கார்டு அட்டைகளே. அப்பொறியைப் பற்றி 1843இல் விரிவான குறிப்புகள் எழுதிய ஆடா லவ்லேஸ், அதை ஜக்கார்டு தறியோடு ஒப்பிட்டே விளக்கினார். பாபேஜின் பொறி முழுமையாகக் கட்டப்படவில்லை. ஆனால் அட்டை தங்கிவிட்டது. 1890இல் அமெரிக்காவின் 6 கோடிக்கு மேற்பட்ட மக்களைக் கணக்கெடுத்தபோது ஹெர்மன் ஹாலரித் ஒவ்வொருவர் விவரத்தையும் ஓர் அட்டையில் துளைகளாக்கி, மின்னியந்திரங்களால் எண்ணினார். அவரது நிறுவனம் பிறவற்றோடு இணைந்து 1924இல் ஐ.பி.எம். என்று பெயர் பெற்றது. 1973இல் சென்னை ஐ.ஐ.டி.க்கு வந்த ஐ.பி.எம். 370/155 கணினிக்கு மாணவர்கள் தங்கள் நிரல்களைத் துளையிட்ட அட்டைக் கட்டுகளாகவே கொண்டுபோய்க் கொடுத்தார்கள். அந்த ஆண்டில் தமிழ்நாட்டின் நெசவுத் தெருக்களிலும் ஒருவர் அட்டை குத்திக்கொண்டிருந்தார். கிண்டி ஐ.ஐ.டி.யில் அமர்ந்தவர் பொறியாளர் எனப்பட்டார், தெருவில் அமர்ந்தவர் கூலிக்காரர் எனப்பட்டார். அவ்வேறுபாட்டை நியாயப்படுத்தும் காரணம் அவ்விருவர் கையிலிருந்த அட்டையில் இல்லை.

பறத்தலும் நெசவும் மிக நெருங்கி வந்த இடம் நிலவுப் பயணம் ஆகும். அப்போலோ விண்கலத்தின் வழிகாட்டுக் கணினிக்குரிய நிலையான நினைவகம், அதாவது அழியாத கட்டளைகளைச் சேமிக்கும் பகுதி, அமெரிக்காவின் வால்தம் நகரில் ரேதியான் நிறுவனத்தின் தொழிற்கூடத்தில் பெண்களால் கையால் கோக்கப்பட்டது. வால்தம் 1814 முதலே பருத்தி ஆலை கண்ட ஊர். துணியாலைகளிலும் கைக்கடிகாரத் தொழிலிலும் கைப்பழக்கம் பெற்ற பெண்கள் அங்கே கிடைத்தார்கள். சிறு காந்த வளையங்கள் வரிசையாகப் பதித்த தட்டின் இருபுறமும் இருவர் எதிரெதிரே அமர்ந்து, கம்பி கோத்த ஊசியை ஒருவர் கையிலிருந்து மற்றவர் கைக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். கம்பி வளையத்தின் உள்ளே சென்றால் அது ஒன்று, வெளியே ஒதுங்கினால் பூச்சியம். எந்த வளையத்தில் நுழைக்க வேண்டும் என்பதை, துளையிட்ட நாடாவால் இயங்கும் பொறியொன்று தட்டை நகர்த்தி அவர்கள் கண்முன் நிறுத்தியது. அதாவது ஜக்கார்டின் அட்டை அங்கே ஒரு நாடாவாக மீண்டும் வந்தது. பாவிழைக்குப் பதில் செப்புக்கம்பி ஓடியது. 16 பிட்டுகள் கொண்ட தொகுதியை ஒரு 'சொல்' என்று கணக்கிட்டால் அவ்வாறு நெய்த நினைவகத்தில் 36,864 சொற்கள் அடங்கின. மொத்தம் 5,89,824 பிட்டுகள். அவற்றுள் ஒன்று தவறினாலும் பிழையைத் தேடிக் கம்பியை மீண்டும் கோக்க வேண்டும். இரண்டு மனிதர்கள் நிலவில் இறங்கித் திரும்ப வழிகாட்டியது அந்தக் கைகள் நெய்த நெசவு.

விமானத்தின் மேனியிலிருந்து துணி நீங்கி அலுமினியம் வந்தபின் இவ்வுறவு முடிந்துவிட்டது என்று நினைத்தல் பிழை. துணி மீண்டும் வந்துவிட்டது. கார்பன் இழை என்பது 5 முதல் 7 மைக்ரோமீட்டர் தடிப்புள்ள, தலைமயிரைவிடப் பன்மடங்கு மெல்லிய கரிம இழையாகும். அவ்விழைகளை 3,000, 6,000, 12,000 என்று கற்றையாக்கி, துணியாக நெய்தோ அடுக்கியோ, பிசினில் தோய்த்து இறுகச் செய்தால், எஃகுக்கு ஈடான வலுவும் அதில் ஒரு சிறு பங்கு எடையுமே கொண்ட கலப்புப் பொருள் கிடைக்கிறது. 2001 ஜனவரி 4 அன்று பெங்களூருவில் முதன்முதல் பறந்த தேஜஸ் போர்விமானத்தின் கட்டமைப்பு எடையில் ஏறத்தாழ 45 விழுக்காடு இத்தகைய கலப்புப் பொருள். 2009 டிசம்பரில் பறந்த போயிங் 787 பயணிகள் விமானத்தில் அது பாதி. ராமேசுவரத்தின் அப்துல் கலாம் தும்பா ராக்கெட் ஏவுதளத்தில் தொடக்க ஆண்டுகளில் வளர்த்த துறைகளுள் இழைவலுவூட்டிய நெகிழியும் ஒன்று. அவர் தலைமையில் உருவாகி 1980 ஜூலை 18 அன்று ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் நிறுத்திய எஸ்.எல்.வி.-3 ஏவுகலத்தின் மேலடுக்குகளில் அப்பொருள் பயன்பட்டது. இத்தகைய கலப்புப் பொருள்களின் அறிவைக் கொண்டு, போலியோவால் கால் நலிந்த குழந்தைகள் சுமந்த 3 கிலோவுக்கு மேற்பட்ட உலோகத் தாங்கிகளுக்கு மாற்றாக 300 கிராம் அளவிலான தாங்கிகள் ஐதராபாத்தில் செய்யப்பட்டதைக் கலாம் தம் வாழ்நாள் மகிழ்ச்சிகளுள் ஒன்றாகக் கருதினார்.

இவை எல்லாவற்றிலும் உங்கள் தொழிலுக்கு மிக அணுக்கமான சான்று லீப் எனப்படும் ஜெட் எஞ்சின் ஆகும். இந்தியாவில் ஓடும் ஏ320 நியோ விமானங்கள் பலவற்றில் அது பொருத்தப்பட்டுள்ளது. எஞ்சினின் முகப்பில் சுழலும் பெரிய விசிறிக்கு, அதற்கு முந்திய சிஎஃப்எம்56-5பி எஞ்சினில் 36 டைட்டானிய அலகுகள் இருந்தன. ஏ320 நியோவுக்குரிய லீப் எஞ்சினில் 18 அலகுகள் மட்டுமே, அவையும் கார்பன் இழையால் நெய்யப்பட்டவை. நீளம், அகலம் என்னும் இரு திசைகளில் மட்டும் ஓடாமல் தடிப்பின் திசையிலும் இழைகளை ஊடாட விடும் முப்பரிமாண நெசவு அது. அடுக்குகள் ஒன்றிலிருந்து ஒன்று பிரிந்துவிடாமல் நெசவே அவற்றைத் தைத்துப் பிடிக்கிறது. நெய்த துணியை வார்ப்பச்சில் வைத்துப் பிசின் செலுத்தி இறுக்குகிறார்கள். அந்நெசவை நெய்வது ஜக்கார்டு வகைத் தறி. 1804இல் பூ நெய்யப் பிறந்த பொறி இப்போது விமான எஞ்சினை நெய்துகொண்டிருக்கும்போது, உங்கள் தெருக்களில் அதன் உடன்பிறப்பு கிலோக் கணக்கில் விலைபோவது எவ்வளவு பெரிய இழப்பு என்பதை எண்ணிப் பாருங்கள்.

இவ்விடத்தில் நீங்கள் எழுப்பக்கூடிய மறுப்பு நியாயமானது. பழம்பெருமை சோறு போடாது. நிலவுக்குப் போன கம்பியைப் பற்றிப் பேசுவோர் நூல் விலை ஏறும்போதும், கூலி ஏறாதபோதும், மழைக்காலத்தில் தறிக்குழியில் தண்ணீர் ஊறும்போதும் வருவதில்லை. தறியைப் படமெடுக்க வருபவர்கள் படத்தோடு போய்விடுகிறார்கள். இக்குறைகள் உண்மையானவை, இம்மடல் அவற்றுக்கு விடையாக அமையாது. உங்கள் பிள்ளைகளைத் தறியிலேயே இருத்துங்கள் என்றும் இம்மடல் கேட்கவில்லை. அவர்கள் படிக்கட்டும், வேறு வேலைக்குப் போகட்டும், நெசவாளி வீட்டுப் பிள்ளை நெசவாளியாகவே இருக்க வேண்டும் என்று எவருக்கும் சொல்ல உரிமை இல்லை. ஆனால், தறியை விட்டுப் போகும் பிள்ளை வெறுங்கையோடு போவதாக அவனிடமும் அவளிடமும் சொல்லப்படுகிறதே, அதை ஏற்க முடியாது. எந்திரப் பொறியியலிலும் கணினியியலிலும் அவர்கள் படிக்கப்போகும் பாடங்களின் முதல் அதிகாரம் அவர்கள் வீட்டுத் திண்ணையில் கிடந்தது.

எதை இழக்கிறோம் என்பதை அளந்து பார்க்க ஒரு சான்று போதும். கார்பன் இழை வலுவானதே ஆயினும் நொறுங்கும் இயல்புடையது. விழுதிலும் அச்சிலும் உராயும்போது மயிர் பிரிந்து அறுகிறது. அதைத் தடுக்க இழைக்கு ஒரு பூச்சு ஏற்றுகிறார்கள், இழுவையைச் சீராக வைக்கப் பாடுபடுகிறார்கள். பாவுக்குக் கஞ்சி எந்தப் பதத்தில் வேண்டும், வெயில் ஏறுமுன் தெருவில் பாவை விரித்து எப்படி உலர்த்த வேண்டும், ஈரக்காற்று அடிக்கும் நாளில் இழை ஏன் தொய்கிறது, அறுந்த இழையைச் சத்தத்தை வைத்தே எப்படிக் கண்டுகொள்வது, புதுப் பாவை ஆயிரக்கணக்கான முனைகளில் பழைய பாவோடு விரலால் முறுக்கிப் பிணைப்பது எப்படி என்று உங்களுள் மூத்தவர்கள் அறிந்தவை அதே சிக்கலின் தீர்வுகள். பருத்திக்குப் பொருந்தியது கார்பனுக்கு அப்படியே பொருந்தாது. ஆயினும் இழுவை, உராய்வு, ஈரம், பூச்சு என்னும் நான்கையும் ஒருசேரக் கையாண்ட அனுபவத்தை வகுப்பறை எளிதில் தந்துவிடாது. தொழில்நுட்ப ஜவுளி, அதாவது அணியவோ அலங்கரிக்கவோ அன்றி மருத்துவம், வாகனம், விண்வெளி போன்றவற்றின் வேலைக்கென நெய்யப்படும் துணி, நாட்டில் வளர வேண்டும் என்று ஒன்றிய அரசு 2020இல் 1,480 கோடி ரூபாயில் தேசிய இயக்கம் ஒன்றை அறிவித்தது, டெல்லி ஐ.ஐ.டி.யின் ஜவுளித் துறையில் முப்பரிமாண நெசவு ஆராயப்படுகிறது. ககன்யான் திட்டத்தில் விண்வெளி வீரர்களைக் கடலில் பத்திரமாக இறக்க 10 பாராசூட்டுகள் அமைக்கப்பட்டுள்ளன, அவை யாவும் துணியே. கதவுகள் திறந்திருக்கும் இக்காலத்தில், அக்கதவுகளுக்குரிய அறிவை உடையவர்களின் கருவிகள் பழைய இரும்புக் கடையில் கிடக்கலாகாது.

கண்முன் நிறுத்தி வைத்த ஒரு பொருள் ஓர் இளைஞரின் வாழ்வை மாற்றும் என்பதற்கு தமிழ்நாட்டிலேயே சான்று உண்டு. 1949இல் சி. ராஜம் நிறுவிய சென்னை குரோம்பேட்டை எம்.ஐ.டி. பொறியியல் கல்லூரியில் கலாம் சேர்ந்தபோது, பறக்கும் காலம் முடிந்து வளாகத்தில் நிறுத்திவைக்கப்பட்டிருந்த இரண்டு பழைய விமானங்களே தம்மை விமானப் பொறியியலின்பால் ஈர்த்தன என்று அவர் எழுதியிருக்கிறார். அவற்றை எடைக்குப் போட்டிருந்தால் எவரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். மதுரைக்கும் துணியைப் போற்றிக் காக்கத் தெரியும். 1921 செப்டம்பரில் மேலமாசி வீதியில் காந்தியடிகள் அரையாடைக்கு மாறினார். 1959இல் தமுக்கத்தில் திறக்கப்பட்ட காந்தி அருங்காட்சியகம் அவர் இறுதியாக அணிந்திருந்த, குருதி தோய்ந்த ஆடையின் ஒரு பகுதியைக் காத்துவருகிறது. கீழடியில் கிடைத்த தக்களிகளுக்குக் கண்ணாடிப் பெட்டியும் விளக்கப் பலகையும் உண்டு. ஈராயிரம் ஆண்டுக்கு முந்திய நூற்புக் கருவிக்குக் கிடைத்த மதிப்பில் ஒரு பங்கு, இன்னும் மூச்சோடிருக்கும் நெசவாளியின் கருவிக்கும் கிடைக்க வேண்டும் என்று கேட்பது மிகையன்று.

ஆகவே உங்களிடம் இம்மடல் வேண்டுவது இது. ஜக்கார்டு பெட்டியோ, அட்டைக் கட்டோ, கட்டம் போட்ட தாளில் வண்ணமிட்ட பழைய வடிவங்களோ உங்கள் பரணிலும் தறிக்கூடத்திலும் இருந்தால், அவற்றை விற்பதற்கு முன் உங்கள் சங்கத்துக்கு ஒரு வார்த்தை சொல்லுங்கள். எல்லாவற்றையும் காக்க இயலாது என்பது தெரிந்ததே; சங்கத்துக்கு ஒரு தறியாவது, ஓடும் நிலையில், பாவு ஏற்றி, அட்டை மாட்டி நின்றால் போதும். வேட்டியும் துண்டும் கைலியும் மட்டும் நெய்த எளிய குழித்தறிக்கும் இது பொருந்தும். பாவும் ஊடையும் குறுக்கிடுவதைக் கண்ணால் கண்டறியாத பிள்ளைக்கு முப்பரிமாண நெசவைச் சொல்லி விளக்க முடியாது. ஒரு தறிக்கு வேண்டிய இடம் சங்கக் கட்டடத்தின் ஒரு மூலை. அந்த மூலையைச் சரக்கு மூட்டைகளுக்கு விட்டுவிடாதீர்கள்.

மூத்தவர்களே, பொறியியல் மாணவர்கள் வந்து கேட்டால் அவர்களை உங்கள் அருகில் உட்காரவையுங்கள். ஆனால் உங்கள் நேரத்துக்குரிய மதிப்பூதியத்தைக் கேட்டுப் பெறத் தயங்காதீர்கள், ஏனெனில் கற்பிப்பவருக்கு ஊதியம் தருவது கல்லூரிகளின் வழக்கம், நீங்கள் அங்கே கற்பிப்பவர். படிக்கும் பிள்ளைகளே, அப்பாவும் தாத்தாவும் அம்மாவும் தார் சுற்றியது முதல் அட்டை கோத்தது வரை எப்படிச் செய்தார்கள் என்பதைக் கேட்டு, கைகள் தெரியும்படி கைபேசியில் பதிவுசெய்து, அவர்கள் சொல்லும் பெயர்களை அப்படியே எழுதிவையுங்கள். பதிவுக்கு விளக்கம் எழுதும்போது கற்றறிந்த பெயர்களை இட்டு அவர்கள் பெயர்களை மறைத்துவிடாதீர்கள். உங்களுள் கணினி பயில்வோர், ஒரு பழைய அட்டைக் கட்டைப் படமெடுத்து, துளைகளை ஒன்று, பூச்சியமாக மாற்றி, அந்த வடிவத்தைத் திரையில் மீண்டும் எழுப்பிப் பாருங்கள். அது உங்கள் கல்லூரித் திட்டப்பணிக்கே தகுதியான வேலை. அட்டை மக்கிப் போனாலும் வடிவம் உங்கள் சங்கத்தின் உடைமையாக எஞ்சும்.

சங்க நிர்வாகிகளுக்குத் தனியாக ஒரு வேண்டுகோள். உங்கள் அடுத்த பொதுக்குழுக் கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு பொருளாகச் சேர்த்து, எந்தத் தறியை வைத்துக்கொள்வது, அதற்குப் பாவு ஏற்றும் பொறுப்பு யாருடையது என்று அன்றே தீர்மானம் எழுதி, அத்தீர்மானத்தின் படியை இணைத்து, திருப்பரங்குன்றத்தில் 1957 முதல் இயங்கிவரும் தியாகராசர் பொறியியல் கல்லூரிக்கும் நகரின் தொழில்நுட்பக் கல்லூரிகளுக்கும், மாணவர்களை அனுப்புமாறு கேட்டு, சங்கத்தின் முத்திரையோடு கடிதம் எழுதுங்கள். அக்கூட்டம் நடக்கும் வரையிலாவது, உங்கள் தெருவில் பழைய இரும்பு, பழைய பேப்பர் வாங்க வருபவரிடம் அட்டைக் கட்டுகளைக் கொடுக்காமல் வைத்திருங்கள்.